எத்தனை தோட்டா?

விஸ்கான்சினில் நவம்பர் வந்தால் பாதி ஆபீஸ் காலி. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பித்து ஒன்பது நாள் மான் வேட்டை சீசன். நம்மூரில் பொங்கலுக்கு லீவு கேட்கிற மாதிரி அங்கே மானுக்கு லீவு கேட்பார்கள். என் டீமில் ஒருத்தர், "சும்மா வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். போனேன்.

டிஸ்கி: நான் எதையும் சுடவில்லை. விசாவில் இருக்கிறவன் ஹண்டிங் லைசென்ஸ் எடுக்காமல் துப்பாக்கி மட்டுமில்லை, ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது என்கிறது ஃபெடரல் சட்டம். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு காபி ஃபிளாஸ்க் தூக்குவது மட்டுமே என் வேலை :-)

முந்தின ராத்திரி கேபினில் ஒரே விவாதம். நண்பரின் அக்கா பையனுக்கு இதுதான் முதல் சீசன். இரண்டு பெட்டி, நாற்பது தோட்டா எடுத்து வைத்திருந்தான். .30-06 ரகம், இருபது போட்ட பெட்டி ஏறக்குறைய அரைக் கிலோ. நண்பரின் அப்பா, எழுபதைத் தாண்டியவர், தன் ஐந்தை மேஜையில் வரிசையாக நிற்க வைத்தார். "போரா நடக்குது?" என்றார் பேரனிடம்.

கொம்பு மான் லைசென்ஸுக்கு ஒன்றுதான். அப்புறம் எதற்கு ஐந்து? நான் கேட்டே விட்டேன். மானை எண்ணி தோட்டா எடுக்கக் கூடாதாம். முதல் குண்டு சரியாகப் படவில்லை என்றால் அடிபட்ட உயிரைத் தேடிப்போய் முடிக்க ஒன்றிரண்டு வேண்டும். அதைக் காட்டில் துடிக்க விட்டுவிட்டு வருவது அவர் அகராதியில் பெரிய பாவம். வழி தவறினாலோ காலை உடைத்துக்கொண்டாலோ இடைவெளி விட்டு மூன்று முறை சுடுவது ஆபத்து சிக்னல். ஆகக் கூட்டினால் ஐந்து. ஸ்கோப் எங்காவது இடித்து குறி விலகினால் மறுபடி சரிபார்க்க நாலைந்து குண்டு ஆகும், ஆனால் அந்தப் பெட்டி கேபினிலேயே இருக்கலாம்.

இது நாம் செய்கிற கெபாசிட்டி பிளானிங் இல்லையா? ஒரு வித்தியாசம். சர்வரில் பஃபர் அதிகமானால் பணம்தான் வீண். இங்கே அதிகமானால் ஆளே மாறிவிடுகிறான். பாக்கெட்டில் நாற்பது இருந்தால், இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று காத்திருக்க மாட்டான், தூரத்தில் ஓடுகிற மானைப் பார்த்து டமால் டமால்தான். தாத்தா பயந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். (பாக்கெட்டில் சலங்கை மாதிரி சத்தம் வந்தால் மான் கிட்டவே வராது என்பது வேறு. துணிப்பட்டையில் ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னார்.)

பேரம் பேசி ஒன்பதில் முடிந்தது. மறுநாள் அவன் சுட்ட மான் விழவில்லை, ஓடியது. அரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, பிறகு பனியில் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். புதருக்குள் தலை தூக்க முடியாமல் படுத்திருந்தது. இரண்டாவது குண்டுக்கு அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். சுட்டு முடித்து வெகுநேரம் யாரும் பேசவில்லை. நானும்தான்.

காரில் திரும்பும்போது ஜிம் கார்பெட் ஞாபகம் வந்தார். 1907, குமாவுனில் சம்பாவத். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் பெண்புலி. ஊரே திரண்டு புலியைக் கலைத்துவிட, கார்பெட் கொண்டுபோனது மூன்றே மூன்று தோட்டா. இரண்டு சுடுவதற்கு, மூன்றாவது ஆபத்துக்கு. சுடக் கிடைக்கும் வாய்ப்பை வைத்துப் போட்ட கணக்கு அது. அடிபட்ட புலி எதிரே நிற்கும் என்பது அதில் இல்லை. மூன்றும் தீர்ந்தபோது அதுதான் நடந்தது. அது விழவில்லை, இவர் கையில் காலி ரைஃபிள்.

தாசில்தாரிடம் ஓடி அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். குழலுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இடைவெளி தெரிகிற ஓட்டைத் துப்பாக்கி. ரொம்பக் கிட்டப் போய், திறந்திருந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். பட்டது முன்னங்காலில். ஆனாலும் புலி சரிந்தது. ஏற்கெனவே உள்ளே போயிருந்த இரண்டு குண்டுகள் அதற்குள் தங்கள் வேலையை முடித்திருந்தன.