ஒத்த ரூவா வைத்தியம்

போன ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள்தான் புஜ்ஜி எங்க வீட்டுக்கு வந்தா. ரெண்டு மாசப் பொமரேனியன் குட்டி. வளர்த்து, குட்டி போட வெச்சு வித்தா ஃபைனல் இயர் ஃபீஸுக்கு ஆச்சேன்னு எனக்கு ஒரு பிசினஸ் மூளை!

ஒரு வாரம் கழிச்சு தடவிக் கொடுக்கும்போது, தொப்புள்ல பட்டாணி சைஸுக்கு ஒரு புடைப்பு. அழுத்தினா உள்ளே போகும், விட்டா வெளியே வரும். பதறிப்போய் ஆச்சிகிட்ட காட்டினேன்.

''இதுக்கா பயப்படுத? ஒத்த ரூவாயை வெச்சு இறுக்கிக் கட்டுல. ஒங்க சித்தப்பனுக்கும் சின்னதுல இப்படித்தான் கட்டுனேன். சரியாப் போச்சுல்லா!''

கட்டினேன். நாலே நாள்... தோல் சிவந்து புண்ணாகி, புஜ்ஜி சாப்பாட்டையே ஒதுக்கிட்டா. பஸ் பிடிச்சு திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினேன். கட்டைப் பிரிச்ச டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

''இது தொப்புள் குடலிறக்கம். தொப்புள்கொடி விழுந்த இடத்துல வயித்துச் சுவர் மூடிக்கணும். மூடலைன்னா அந்த ஓட்டை வழியா கொழுப்பு எட்டிப் பார்க்கும். சின்ன ஓட்டைன்னா ஆறு மாசத்துக்குள்ள தானா மூடலாம். காசு கட்டினா புண்ணுதான் மிச்சம். உங்க சித்தப்பாவுக்குச் சரியானது காசால இல்லப்பா, வயசால!''

அப்புறம் குரலை மாத்திச் சொன்னார். ''புடைப்பு திடீர்னு கெட்டியாகி, உள்ளே போகாம, தொட்டா வலிச்சு, வாந்தியும் எடுத்தா குடல் மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்போ ஒரு ராத்திரிகூட காத்திருக்காதே. தொடை இடுக்கிலும் இதே மாதிரி வரும். அங்கேயும் அப்பப்போ தொட்டுப் பாரு.''

''சார்... குட்டி போடலாம்ல?'' தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

''இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது. இதோட குட்டிக்கும் வந்தா, வாங்கினவனும் உன்னை மாதிரிதான் காசைக் கட்டிக்கிட்டு நிப்பான். வேணுமா?''

பதில் சொல்ல வாயே வரலை.

ஆறு மாசமாகியும் ஓட்டை மூடலை. ஒரே மயக்க மருந்துல அதைத் தைச்சு, கருத்தடை ஆபரேஷனையும் முடிச்சாங்க. பத்து நாள்ல தையல் பிரிச்சாச்சு. இப்போ புஜ்ஜி தெருவையே ரெண்டாக்குறா.

ஃபீஸுக்கு? ஏரல் பஜார்ல ஒரு பாத்திரக் கடையில சாயங்காலம் பில் போடுறேன். நாய்க்குட்டி வாங்கப் போற ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரே ஒரு அட்வைஸ்... முகத்தைக் கொஞ்சுறதுக்கு முன்னாடி, மல்லாத்திப் போட்டு வயித்தைத் தடவிப் பாருங்க!