மலையிறக்கத்தில் கற்ற பாடம்

ரயில்வே குமாஸ்தா ஒருவன் மோட்டார் வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுதுவதற்கு என்ன தகுதி உண்டு என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. பட்ட அனுபவம் உண்டு. பழைய கார் ஒன்றை வாங்கி ஆசையோடு பேணிவரும் சங்க அன்பர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு இது பயன்படக்கூடும் என்று கருதியே எழுதத் துணிந்தேன்.

எஸ். எஸ். எல். சி. தேறிய கையோடு திருநெல்வேலிச் சீமையை விட்டுப் புறப்பட்டவன் நான். இப்போது கல்யாணில் மனைவியுடனும் ஆறு வயது மகளுடனும் வாழ்கிறேன். விரைந்தோடும் கார் ஒன்று வேண்டும் என்பது என் இளமைக்கால ஆசை. புதியது வாங்க வசதி ஏது? ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அதிகாரி ஒருவரிடமிருந்து, 2019-ஆம் ஆண்டில், 2002-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி விடெக் வண்டியை வாங்கினேன். 1.5 லிட்டர் என்ஜின், 106 குதிரைத்திறன். வேகத்துக்குப் பெயர்பெற்ற வண்டி அது. ஞாயிறுதோறும் அதைத் துடைத்து மெருகிடுவேன். என்ஜின் ஆயிலைத் தவறாது மாற்றுவேன். பிரேக் ஆயில் என்று ஒன்று இருப்பதை மட்டும் மறந்திருந்தேன்.

2023-ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறையைப் புனேயில் என் தமக்கை வீட்டில் கழித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டாலா மலைச்சரிவில் வண்டிகள் நெருக்கமாக ஊர்ந்தன. நானோ கியரைக் குறைக்காமல், காலைப் பிரேக்கின்மேல் வைத்தபடியே இறங்கினேன். பாதி வழியில் மிதி மெத்தென்று ஆயிற்று. அடுத்த வளைவில் மிதித்தபோது அது ஏறக்குறைய அடித்தளம் வரை சென்றுவிட்டது. முன்னே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. கியரை இரண்டுக்கு இறக்கி, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, சாலையோர மண்ணில் வண்டியை ஒருவாறு நிறுத்தினேன். லாரிக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது ஒரு முழமோ இரு முழமோ! அரைமணி நேரம் சென்றபின் மிதி பழையபடி இறுகியது. மனைவி வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையை உறங்க வைத்த பிறகு, "இந்த வண்டியில் இனிக் குழந்தையை ஏற்றமாட்டேன்" என்றாள்.

மறுநாளே பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் ஒருவர், கம்பெனி பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் பூட்டிவிடலாம் என்றார். துளையிட்ட தட்டு, செந்நிறக் காலிப்பர், எஃகு வலை போர்த்திய குழாய் என்று படங்களையும் காட்டினார். விலையோ என் இரண்டு மாதச் சம்பளத்தை நெருங்கியது. உண்மையைச் சொல்லவேண்டுமாயின், அச்செந்நிறம் என் மனத்தைக் கவர்ந்தது. குடும்பத்தின் பாதுகாப்புக்காகத்தானே என்று ஆசைக்கு ஒரு நல்ல பெயரும் சூட்டிக்கொண்டேன்.

பணம் கொடுப்பதற்கு முதல்நாள் மாலை, சங்க நூல்நிலையத்தில் எங்கள் அண்ணாச்சியைக் கண்டேன். ரயில் பெட்டிகளின் பிரேக்கைச் செப்பனிடும் பிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் வினவியது ஒன்றே: "தம்பி, பிரேக் போதவில்லையா, பிரேக் கெட்டுப்போயிற்றா? இரண்டும் ஒன்றல்லவே!"

நான் விழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். காரை நிறுத்துவது முடிவில் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பே. சக்கரத்தை இறுகப் பிடித்து நிறுத்தும் வலிமை பிரேக்குக்கு இருக்குமாயின், அதற்குமேல் பெரிய பிரேக் பூட்டினாலும் ஒருமுறை மிதித்து நிற்கும் தூரம் பெரிதும் குறையாது. பெரிய டிஸ்க்கின் சிறப்பு வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது. பந்தயத் திடலில் மீண்டும் மீண்டும் மிதிப்பவருக்கு அது வேண்டும்.

மலையிறக்கத்தின் வெப்பமும் சிறிதன்று. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அவ்வளவு ஆற்றலும் வெப்பமாக மாறுமாயின், ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். கியரைக் குறைத்தால் அதில் ஒரு பங்கை என்ஜின் ஏற்றுக்கொள்ளும். நானோ முழுச் சுமையையும் பிரேக்கின் தலையில் ஏற்றிவிட்டேன்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. நீர் கலந்து பழையதானால் அவ்வெல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். குமிழ் அழுந்தும், ஆயில் அழுந்தாது. ஆதலின் மிதி பள்ளத்தில் விழும், ஆறியபின் மீளும். எனக்கு நேர்ந்தது இதுவே.

"பெரிய காலிப்பர் பூட்டினால் அதற்கு மிகுதியான ஆயில் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஈடுகொடுக்குமா? முன்சக்கரத்தின் வலிமையை மட்டும் கூட்டினால், முன்னுக்கும் பின்னுக்கும் கணக்கிட்டு வைத்த பங்கீடு என்னாவது? ரயிலில் வாக்குவம் பிரேக்கை விட்டு ஏர் பிரேக்குக்கு மாறிய காலத்தில், நடுவிலே ஒரு பெட்டியை மட்டுமா மாற்றினோம்? என்ஜின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒத்திருக்க வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி.

அவர் சொற்கள் என் உள்ளத்தில் தைத்தன. அதே மலையில் நம் ரயில்களும் இறங்குகின்றன. போர்காட் பாதையில் 37 அடிக்கு ஓர் அடி என்னும் சரிவு உண்டு. அங்கே கேட்ச் சைடிங் என்னும் மேட்டுக் கிளைத்தடங்கள் அமைத்திருக்கிறார்கள். இறங்கும் வண்டி நின்று, தன் பிரேக் நல்ல நிலையில் இருப்பதை மெய்ப்பித்த பின்னரே நேர்வழி திறக்கும். நில்லாத வண்டி கிளைத்தடத்தில் ஏறி வேகம் இழக்கும். பிரேக் பவர் சர்டிபிகேட் இன்றி ரயில் புறப்படுவதில்லை. இவ்வளவும் அறிந்த துறையில் சம்பளம் வாங்கும் நான், என் மகளை ஏற்றிய வண்டிக்கு எந்தச் சான்றைக் கேட்டேன்? நாணம் மேலிட்டது.

செந்நிறக் காலிப்பரைக் கைவிட்டேன். வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. ரப்பர்க் குழாய்கள் வெடித்திருந்தன. ஒரு காலிப்பரின் பின் துருவேறி இறுகியதால், பேடு ஒருபுறமே தேய்ந்திருந்தது. டிஸ்க்குகள் குறித்த அளவினும் மெலிந்திருந்தன. கம்பெனி அளவிலேயே டிஸ்க், பேடு, குழாய்கள், புதிய டாட் 4 ஆயில் ஆகியவற்றை மாற்றி, பின்சக்கர டிரம்களையும் சரிசெய்தோம். வெளிக் கம்பெனிப் பொருள் யாவும் தீது என்று நான் கூறவில்லை. முன்புறப் பேடு கம்பெனியில் கிடைக்காமையால், பெயர்பெற்ற வேறொரு தயாரிப்பாளருடையதையே வாங்கினேன். அளவும் தன்மையும் ஒத்திருந்தால் போதும். செலவு, முன்னர்க் கேட்ட தொகையில் நான்கில் ஒரு பங்குதான்.

2024-ஆம் ஆண்டு பொங்கலுக்குமுன் அண்ணாச்சியை உடனழைத்துக்கொண்டு அதே சரிவில் இறங்கினேன். இம்முறை இரண்டாம் கியர். வேண்டும்போது மட்டும் பிரேக். கடைசி வளைவு வரை மிதி இறுகியே நின்றது.

மனைவியின் மனம் உடனே மாறிவிடவில்லை. ஆயில் மாற்றிய தேதி, பேடின் கனம், அடுத்த சோதனைக்குரிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் ஒட்டிவைத்தேன். பொங்கல் கழிந்த ஞாயிறன்று அவள் கதவைத் திறந்து, அத்தாளை ஒருமுறை படித்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிப் பின்னிருக்கையில் அமர்த்தினாள். இன்றும் நெடும்பயணம் என்றால் முதலில் அத்தாளைப் படித்த பின்னரே வண்டியில் ஏறுகிறாள். அவள் படித்து முடிக்கும் வரை நான் சாவியைத் திருப்புவதில்லை.