அனுமதி கொடுத்தது யார்?



வீட்டுக் கணினியில் ஆபாச விளம்பரம் முளைத்தால் பெற்றோரின் சந்தேகம் முதலில் பிள்ளைகள் மீதே பாய்கிறது. என்னிடம் ஹிஃப்ளு ஓதும் மாணவன் ஒருவனும் இவ்வாறே குற்றம் சாட்டப்பட்டான். கிராஅத் கேட்கக்கூட அவனுக்குக் கணினி மறுக்கப்பட்டது.

அவன் வாப்பாவுடன் அமர்ந்து குரோம் உலாவியின் தள அமைப்புகளில் 'அறிவிப்புகள்' பகுதியைத் திறந்தேன். பெயரே கேள்விப்படாத 11 தளங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டிருந்தது. "ரோபோ அல்ல என நிரூபிக்க 'அனுமதி'யை அழுத்துக" என்று ஏமாற்றிப் பெறுவதே இத்தகைய தளங்களின் வழக்கம். பின்னர் எத்தளத்தைப் பார்த்தாலும் திரையின் மூலையில் அவை தலைகாட்டும். 'வைரஸ் புகுந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்ற மிரட்டலும் அவ்வழியே வந்ததுதான். (அவ்வெண்ணை ஒருபோதும் அழைக்கலாகாது.)

அனைத்தையும் நீக்கினோம். எவரும் விரும்பி நிறுவாத 2 நீட்சிகளை அகற்றியதும் உலாவி அடிக்கடி முடங்குவதும் நின்றது. அனுமதியை அழுத்தியது யாரென நான் விசாரிக்கவில்லை; சமையல் குறிப்பு தேடிய உம்மாவாக இருக்கலாம், வாப்பாவாகவே இருக்கலாம். சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் பணிப்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டினேன்.

பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமையற்ற தனிக்கணக்கு அமைத்தாயிற்று. இனிப் பெரும்பாலான மென்பொருள்களை நிறுவ வாப்பாவின் கடவுச்சொல் வேண்டும். மாணவனுக்கு இதில் சற்று வருத்தம்தான்.