சோறு கல்லு மாதிரி இருக்கு

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்றால் ஒன்று காதல் கல்யாணம், இல்லாவிட்டால் குண்டர் சட்டம். பட்டியல் முழுக்க அதுதான் இருக்கும். 2019-இல் ஒரு நாள் அந்தப் பட்டியலில், 78 வயது அம்மாவை அண்ணன் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார், மீட்டுத் தாருங்கள் என்று ஒரு மகள் போட்ட மனு வந்தது. நான் வேறொரு வழக்குக்காக அந்தக் கோர்ட் ஹாலில் காத்திருந்தேன்.

அம்மா கும்பகோணத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்கு மாம்பலத்தில் அவர் பெயரில் ஒரு தனி வீடு. மூன்று வருடமாக மறதி நோய். மகன் நியூ ஜெர்சியில், மகள் குரோம்பேட்டையில் வங்கி வேலையில். வண்டலூரைத் தாண்டி ஒரு டிமென்ஷியா இல்லத்தில் மாதம் 45,000 ரூபாய் கட்டி மகன் அம்மாவைச் சேர்த்திருந்தார். மகளின் அஃபிடவிட்டில் குற்றச்சாட்டுகள் வரிசையாக இருந்தன: கேட்டைப் பூட்டியே வைக்கிறார்கள், கூந்தலை ஒட்ட வெட்டிவிட்டார்கள், கை வளையலைக் கழற்றிவிட்டார்கள், பட்டினி போடுகிறார்கள். மகனின் கவுன்ட்டரில், 'தங்கையே எட்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடியவில்லை என்று கைவிட்டவர்தான்' என்றிருந்தது. கூடவே ஒரு தடித்த டைப் செட், அதாவது ஆவணத் தொகுப்பு. இல்லம் வாரா வாரம் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள், கலரில் பிரின்ட் எடுத்து, தேதிவாரியாக.

வீட்டைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பில்டர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்பது மட்டும் வராந்தாவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் தாக்கல் செய்த அறிக்கை நான்கு வரி. 'நேரில் விசாரித்ததில் மேற்படி மூதாட்டி நலமாக உள்ளார்.' மூத்த நீதிபதி அதைப் படித்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு இப்போ கார்டியன் யாரு?" என்று கேட்டார். மகன் தரப்பு வக்கீல் அட்மிஷன் ஃபாரத்தை எடுத்து நீட்டினார். அதில் 'கார்டியன்' என்ற கட்டத்தில் மகனின் கையெழுத்து. "இது ஃபீஸ் கட்டுறவர் யாருன்னு சொல்லுது. நான் கேட்டது சட்டப்படி யாருன்னு." இரண்டு தரப்பிலும் பதில் இல்லை.

பதில் இருந்திருக்கவும் முடியாது. வயது வந்த ஒருவருக்கு, பெற்ற பிள்ளை என்பதாலேயே யாரும் காப்பாளர் ஆகிவிட முடியாது. மகன் கையில் ஒரு பவர் பத்திரம் இருந்தது. எழுதிக் கொடுத்தவரின் புத்தி தெளிவு போய்விட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி அந்தப் பவரும் போய்விடும். எப்போது உதவ வேண்டுமோ அப்போது செத்துப்போகிற பத்திரம் அது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் காப்பாளரையும் சொத்துக்கு மேலாளரையும் நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சைக்கு ஒரு நியமனப் பிரதிநிதியோடு நின்றுவிட்டது, சொத்து பற்றி வாயே திறக்கவில்லை. அதனால்தான் 2024 மே மாதத்தில்கூட, கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் தன் ரிட் அதிகாரத்தை எடுக்க வேண்டியிருந்தது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் மாதாந்தரப் பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். இந்த இல்லத்தின் ஒரு வாரக் கட்டணத்துக்கே அது பற்றாது.

இளைய நீதிபதி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் நின்றது. அட்வகேட் கமிஷனராக என்னை நியமித்து, அரசு மருத்துவமனையின் முதியோர் மனநல மருத்துவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்து இரண்டு வாரத்தில் அறிக்கை தரும்படி உத்தரவானது. என் கட்டணம் மகன் செலவு.

எத்தனை மணிக்குப் போவது என்பதை டாக்டரம்மாதான் முடிவு செய்தார். "காலையில போனா எல்லாரும் குளிச்சு விபூதி வெச்சு உட்கார்ந்திருப்பாங்க. அஞ்சு மணிக்குப் போகலாம். பொழுது சாயற நேரத்துலதான் இவங்களுக்குப் பதற்றம் ஏறும். ஆள் மாறுற நேரமும் அதுதான்."

ரிசப்ஷனில் பிள்ளையார், மீன் தொட்டி, சுவர் நிறைய சான்றிதழ். ஆர்டர் காப்பியைப் பார்த்ததும் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் காகிதங்களில் குறையே இல்லை. தீயணைப்புத் துறை, உணவுப் பாதுகாப்பு, முதியோர் இல்லம் என்ற பதிவு, வாரம் ஒருமுறை வரும் மருத்துவரின் ஒப்பந்தம், எல்லாம் ஃபைலில் இருந்தன. மறதி நோயும் மனநலச் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடியது. அந்த வரையறையில் நினைவாற்றலும் இடம், பொழுது அறிதலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அப்படியானால் இது மனநல நிறுவனம் என்று பதிவாகியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மகளின் புகார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கேட் பூட்டித்தான் இருந்தது. வெளியே நூறடியில் ஜி.எஸ்.டி. சாலை. வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவரைத் திறந்த கேட்டில் விட்டால் என்ன ஆகும் என்று அந்தச் சாலையில் லாரி ஓட்டுகிற யாரும் சொல்லுவார்கள். உள்ளே நடக்க வேப்பமர நிழலில் ஒரு சுற்றுப்பாதை இருந்தது, அது எனக்குப் போதும். வளையல் மேனேஜரின் லாக்கரில், மகன் கையெழுத்திட்ட ரசீதோடு. முடி வெட்டியது சிக்கும் பேனும் பிடித்ததால். மகளிடம் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பது குறைதான், சிறை அல்ல.

அந்த அம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாப்பா, சாப்ட்டியா?" என்றார். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைத் தொடங்கினார். இது எந்த வருஷம்மா? "படிச்சவதானே நீ? உனக்குத் தெரியாதா?" என்று பதில் வந்தது. ஞாபகம் இல்லை என்பதை ஒரு டீச்சரின் அதட்டலால் மூடிவிடுகிற அந்த லாகவத்தை நான் ரசித்தேன். 30-க்கு 8 மதிப்பெண் என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டார். "இங்க இருக்கப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டபோது அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க சோறு கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

சமையலறையில் போய்ப் பார்த்தேன். சோறு கையில் எடுத்தால் ஒட்டுகிற அளவுக்குக் குழைந்திருந்தது. புத்தி பிசகியவர் பேச்சு என்று நான் அதை விட்டுவிட இருந்தபோது டாக்டரம்மா பைக்குள்ளிருந்து டார்ச்சை எடுத்து, "வாயத் திறங்கம்மா" என்றார். மேலே கீழே இரண்டு ஈறும் வெறுமை. கீழ் ஈற்றில் ஒரு புண்.

"இவங்க பல் செட் எங்க?" விழுப்புரத்துப் பக்கத்து அட்டெண்டர் பெண் ஒருவர், வயது முப்பதுக்குள், தயங்கித் தயங்கிக் குளியலறை அலமாரியைத் திறந்தார். ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், அதற்குள் நான்கைந்து பல் செட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. "நைட்டு கழட்டி ஊறப் போடுவோம் சார். காலையில யாருக்கு எதுன்னு... ஒரு தடவ மாறிப்போச்சு. பாட்டிம்மாவுக்கு எது போட்டாலும் துப்பிடறாங்க. அதான் விட்டுட்டோம்." பக்கத்திலிருந்த மற்ற அட்டெண்டர்கள் ஒடிசாக்காரர்கள். அந்த அம்மா எதைத் துப்பினார், ஏன் துப்பினார் என்று அவர்களிடம் சொல்ல அவருக்கு மொழி இல்லை, கேட்க அவர்களுக்கும் இல்லை.

எடைப் பதிவேட்டைக் கேட்டோம். சேர்ந்த மாதம் 54 கிலோ. அடுத்த மாதம் 54. அதற்கடுத்து வந்த எல்லா மாதமும் 54. எடை மெஷினைக் கொண்டு வரச் சொன்னால் அதில் பேட்டரி இல்லை. ஆளனுப்பி வாங்கி வந்து போட்டு நிறுத்தியபோது 46 காட்டியது. பட்டினி என்று மகள் எழுதியது பொய், வேளாவேளைக்கு முழுச் சாப்பாடு என்று மகன் எழுதியது உண்மை. ஆனாலும் எட்டு கிலோ போயிருந்தது.

மருந்துச் சீட்டு இன்னும் மோசம். குவெட்டியாபின் 25 மில்லிகிராம், தேவைப்பட்டால் மட்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். பதிவேட்டில் தினமும் மாலை நாலரைக்குக் கொடுத்ததாக டிக் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அஞ்சு மணி ஆனா, பையன் ஸ்கூல் விட்டு வந்துடுவான், கதவத் தொறன்னு ஆரம்பிச்சுடுவாங்க சார். ஒருத்தங்க ஆரம்பிச்சா எல்லாரும் ஆரம்பிப்பாங்க" என்றார் மேனேஜர். அன்றைக்கு ஆள் மாறும் குழப்பத்தில் மாத்திரை தாமதமாகியிருந்ததால்தான் எங்களால் அந்த அம்மாவோடு பேசவே முடிந்தது. மறதி நோயாளிகளான முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையான எச்சரிக்கை விடுத்ததை டாக்டரம்மா சொன்னார். வேறு வழியே இல்லாதபோது குறைந்த அளவில், கொஞ்ச நாள் மட்டும், கண்காணித்துக் கொடுக்கலாமாம். மாலை நேரத்தில் மனிதர்களை அமைதியாக வைக்க ஆள் போடுவதற்குப் பதில் மாத்திரை போடக் கூடாது என்பது அவர் கட்சி.

இரவில் 31 பேருக்கு எத்தனை அட்டெண்டர் என்று கேட்டேன். "ரெண்டு... மூணு" என்றார்கள். சம்பளப் பட்டியலில் ஒன்றரை. அரை என்பது சமையல்காரர். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் பதிவேடு சுவரில் தொங்கியது. அப்போது மணி ஆறே கால். அன்றிரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக் கட்டங்களில் டிக் போட்டாகிவிட்டது. ஒரே பேனா, ஒரே சாய்வு. சுவர்க் கடிகாரமும் பதிவேடும் ஒரே ஃபிரேமில் வரும்படி செல்போனில் படம் எடுத்தேன். இருபது வருடக் குறுக்கு விசாரணையில் எனக்கு அவ்வளவு சுத்தமான சாட்சி கிடைத்ததில்லை.

கிளம்பும்போது பக்கத்து அறையில் ஒரு முதியவரின் மணிக்கட்டு துப்பட்டாவால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. உத்தரவில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் எழுதினேன். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவு செய்துதான் கட்டலாம் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு. துப்பட்டாவுக்குப் பதிவேடு எதுவும் இல்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் மகன் தரப்பு டைப் செட்டை மறுபடி புரட்டினேன். அம்மா நலம் என்று காட்டத் தாக்கல் செய்த படங்கள். டிசம்பரில் சிரித்தபடி, பல்வரிசை தெரிய. ஜனவரியில் கேக் வெட்டுகிறார், பல் இருக்கிறது. பிப்ரவரி கடைசி வாரத்துப் படத்தில் கன்னம் உள்ளே போயிருக்கிறது, உதடு மடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் பல் இல்லை. பல் செட் தொலைந்த வாரத்தை மகனே தன் கையால் ஆவணமாகத் தாக்கல் செய்திருந்தார். அந்தப் படங்களை வாரா வாரம் தங்கைக்கும் ஃபார்வர்டு செய்திருந்தார். அவரும் பார்த்திருக்கிறார். அவருக்கு முடி வெட்டியது தெரிந்தது, வளையல் இல்லாதது தெரிந்தது. அண்ணனுக்குப் புது நைட்டி தெரிந்தது, ஏ.சி. தெரிந்தது. இருவருக்கும் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. வழக்குக்கு எது வேண்டுமோ அதைத் தேடிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் படங்களின் பக்க எண்களை மட்டும் அறிக்கையில் குறிப்பிட்டேன், வியாக்கியானம் எழுதவில்லை.

விசாரணை அன்று அறிக்கைக்கு இரண்டு தரப்பும் ஆட்சேபணை போட்டிருந்தன. நீதிபதிகள் ஆட்சேபணையைப் படிக்கவில்லை, டைப் செட்டைத்தான் புரட்டினார்கள். மூத்த நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜனவரிப் படத்தையும் மார்ச் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு மகனின் வக்கீலிடம், "நீங்க இதை எதுக்காக ஃபைல் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சட்டவிரோதக் காவல் இல்லை என்று மனு முடித்து வைக்கப்பட்டது. ஆனால் உத்தரவோடு நிபந்தனைகள் வந்தன. பத்து நாளுக்குள் புதிய பல் செட், அதில் பெயர் பொறித்து. வாரா வாரம் எடை, அண்ணன் தங்கை இருவருக்கும் எண் போக வேண்டும். மருந்தை அரசு மனநல மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மகள் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம், மாலையிலும் இரவிலும்கூட. இரண்டு மாதத்தில் மாற்றம் இல்லாவிட்டால் வேறு இல்லம், அதையும் இருவரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும், செலவு மகனுடையது. பவர் பத்திரத்தை வைத்து வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது. இல்லத்தின் பதிவையும் மற்றவர்களின் நிலையையும் மாநில மனநல ஆணையம் ஆய்வு செய்ய வேண்டும்.

மகள் சாயங்காலம் சாயங்காலமாகப் போய்ப் பார்த்துவிட்டு, பல்லாவரத்தில் பத்துப் பேர் மட்டும் இருக்கிற ஒரு சிறிய இல்லத்தைக் கண்டுபிடித்தார். மீன் தொட்டி கிடையாது, பெயின்ட் உரிந்திருந்தது, இரவில் இரண்டு பேர் விழித்திருந்தார்கள், இருவருக்கும் தமிழ் தெரிந்தது. புதுப் பல்லோடு எடை ஏற ஆரம்பித்தது. மாலை மாத்திரை நின்றது. ஐந்து மணிக்கு அந்த அம்மா கதவைத் திறக்கச் சொன்னால் வாசல் திண்ணைவரை கூட்டிப் போய் உட்கார வைத்தார்களாம். கொஞ்ச நேரத்தில் எதற்காக வந்தோம் என்பது மறந்து, போகிற வருகிறவர்களைச் சாப்பிட்டாயா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாராம்.

அடுத்த வருடம் வீட்டை நிர்வகிக்கக் காப்பாளராகத் தன்னை நியமிக்கக் கேட்டு மகன் ரிட் மனு போட்டார். மகள் எதிர்மனு போட்டார். இரண்டு டைப் செட்டிலும் என் அறிக்கை இருந்தது. மகன் தரப்பில் கேட்டைப் பற்றிய பத்தியின் கீழ் கோடு போட்டிருந்தார்கள், மகள் தரப்பில் மாத்திரையைப் பற்றிய பத்தியின் கீழ். வாட்ஸ்அப் படங்களின் பக்க எண்களை இருவருமே விட்டுவிட்டார்கள்.