ஒக்கி வந்த சீசன்

மாசிக் கொடைக்கு மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் கடலில் கால் நனைத்து, மண்டையப்பம் படைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அதே கரையோரமாக மேற்கே போய், தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்றைத் தாண்டினால் தூத்தூர் வட்டாரம். வலை காயும் மணலிலேயே பந்தும் உருளும். மீனும் கால்பந்தும்தான் இங்கே பேச்சு!

மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் சகோதரர்களுக்கு இங்குள்ள இரவிபுத்தன்துறைதான் சொந்த ஊர். 2017-ல் இருவரும் சென்னை சிட்டி அணியில் இருந்தார்கள். நவம்பர் 29, ஐ-லீக்கில் அணியின் முதல் ஆட்டம். 20 வயதுகூட நிரம்பாத பையன்களின் இந்தியன் ஆரோஸிடம் 0-3 எனத் தோல்வி. மறுநாள் ஒக்கி புயல். கடலுக்குப் போன இந்த வட்டார மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அதன்பின் ஸ்கோரை யார் கேட்பார்கள்?

சீசன் முடிவில் 10 அணிகளில் 8-வது இடம். ஆனாலும் லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் விருது சூசைராஜுக்கு! அவர் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார், ரெஜின் தங்கிவிட்டார். 2019 மார்ச்சில் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, அதே சென்னை சிட்டி சாம்பியன். அந்தக் கோப்பை சகோதரர்களில் ஒருவருக்குத்தான் வாய்த்தது.

2020-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் மறுபடி இருவரும் இருந்தார்கள். இறுதிப் போட்டியில் தோற்றது, சென்னையின் எஃப்.சி.!