கூடுதல் நேரம்

இன்னிக்கு உபயம், கூட்டுப்பணி பத்தி ஒண்ணும் இல்ல. என் சொந்தக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க பேக்டரி மெயின்டனன்ஸ் அங்கிள் ஒருத்தர், சீனர், எனக்கு வெய்ச்சி சொல்லித் தர்றார். ஜப்பான்ல அதுக்கு 'கோ'ன்னு பேரு. 19-க்கு 19 கோடு, 361 புள்ளி, கறுப்பு வெள்ளைக் காய். நைட் ஷிப்ட் ஓய்வுல கேன்டீன்ல போனை நடுவுல வெச்சு ஆளுக்கு 10 நிமிஷம். எப்பவும் நான்தான் தோப்பேன். "நேரம் பத்தல அங்கிள்"னு சாக்கு சொல்வேன்.

போன மாசம் வீட்டுக்குக் கூப்பிட்டு, "உனக்கு ரெண்டு மணி நேரம், எனக்கு அதே 10 நிமிஷம்"னார். அதுலயும் தோத்தேன். ஆனா வழக்கமா 50 புள்ளியில தோக்குறவன் அன்னிக்கு 12-ல தோத்தேன். கண்ணுக்கு முன்னாடி இருக்குற தப்பு குறைஞ்சது. எங்க பார்க்கணும்னே தெரியாத இடத்துல எவ்வளவு நேரம் இருந்தும் பிரயோசனம் இல்ல.

அங்கிள் சொல்ற கதை இது. 1938-ல ஹொனின்போ ஷூசாய் தன் கடைசி ஆட்டத்தை கிதானி மினோருவோட ஆடினார். ஆளுக்கு 40 மணி நேரம்! ஜூன்ல ஆரம்பிச்சது, நடுவுல பெரியவர் ஆஸ்பத்திரியில படுத்து, டிசம்பர்லதான் முடிஞ்சது. அவர் செலவழிச்சது சுமார் 20 மணி நேரம், கிதானி 34-க்கு மேல. கிதானி 5 புள்ளியில ஜெயிச்சார்.

மெஷினுக்கும் இதே கதைதான். ஆல்பாகோ ஜீரோ, பார்த்ததும் தோணுற இடத்துல காயை வெச்சா அதோட பலம் 3055 ஈலோ. மேற்கொண்டு என்னென்ன வரும்னு தேடிப் பார்த்து வெச்சா 5185. ஆனா 2017-ல கே ஜியேக்கு 3 மணி நேரம் கொடுத்தும் ஆல்பாகோகிட்ட மூணு ஆட்டமும் போச்சு.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, எனக்கு விஎஸ்எஸ் கடிதம் வந்திருக்கு. வயசு 53. இபிஎஃப் முழுசா எடுக்க இன்னும் ரெண்டு வருஷம். மகளுக்குக் கடைசி வருஷப் படிப்பு. முடிவெடுக்க ஒரு வாரம் கொடுத்தாங்க, கெஞ்சி இன்னும் ரெண்டு வாரம் வாங்கினேன். தினம் ராத்திரி அதே ரெண்டு கணக்குதான்: போனா இவ்வளவு, இருந்தா இவ்வளவு.

அங்கிள் கேட்டார், "இத்தனை நாள்ல புதுசா ஒரு இடமாவது பார்த்தியா? பெண்சாதிகிட்ட கேட்டியா?" கேக்கல. பயந்துடுவாளேன்னு நானே மறைச்சு வெச்சிருந்தேன்.

நேத்து சொன்னேன். அவ பயப்படல, கோபம்தான் பட்டா, மறைச்சதுக்கு. அப்புறம் பழைய ஸ்கூல் நோட்டு ஒண்ணைக் கொண்டாந்தா. வீட்டுக்கடன் இன்னும் 14 மாசம்னு என்னைவிட சரியா எழுதி வெச்சிருக்கா. மாலை கட்டிக் கொடுத்து மாசம் எவ்வளவு வருதுன்னும் அதுல இருக்கு. நான் இதுவரைக்கும் சேர்க்காத கணக்கு அது.

இன்னிக்கும் உக்காரப் போறோம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சனிக்கிழமை காய்கறி நறுக்க வர்றவங்க விடியக்காலை 5 மணிக்கே வந்துடுங்க.