முறிந்த பாய்மரத்தின் ஊரில்

பங்கு மக்களோடு மணப்பாட்டிற்குத் திருப்பயணம் சென்றிருந்தோம். தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில், மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிமிர்ந்து நிற்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை, குன்றின் கடற்புறத்தில் உள்ளது. அதைப் படம் பிடிக்க முனைந்தபோது, நம் கையிலிருந்த டிஜிட்டல் காமிரா நழுவி மணலில் விழுந்தது. எடுத்து இயக்கினோம், வெளியே நீண்ட லென்ஸ் உள்ளே திரும்பாமல் பாதியில் நின்று முனகியது.

அது நம் சொந்தப் பொருளன்று. பங்கின் தாய்மார் பிடியரிசி சேர்த்து விற்ற பணத்தில் வாங்கியது. திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம் என எல்லாப் படங்களும் அதில் எடுத்தவையே.

“செல்பேசி போதுமே, சாமி” என்றார் இளைஞர் ஒருவர். “புதிதே வாங்கிவிடலாம்” என்றார் மற்றொருவர். தாய் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாது, முந்தானையால் அதைத் துடைத்துத் தந்தார். அந்த மௌனம் நம்மை உறுத்தியது.

திரும்பும் வழியில் தூத்துக்குடியில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினோம். லென்ஸை நகர்த்தும் சிறு பற்சக்கரங்களிடையே மணல் புகுந்து, ஒரு பல் முறிந்திருந்தது. “நல்லவேளை, நீங்களே திறக்கவில்லை சாமி. பாட்டரியைக் கழற்றினாலும் ஃபிளாஷ் பகுதியில் மின்சாரம் தங்கியிருந்து தாக்கும்” என்றார். அந்த மாடலுக்குப் புதிய உதிரிப் பாகம் வருவதில்லை. ஆயினும் பழுதான வேறொரு காமிராவின் லென்ஸைப் பொருத்தலாம், ரூ.1,800 ஆகும் என்றார். புதியதன் விலையோ அதைப்போல் ஐந்து மடங்கு.

அப்போது மணப்பாட்டு மரபு நினைவுக்கு வந்தது. 1540-ஆம் ஆண்டளவில் புயலில் பாய்மரம் முறிந்த போர்த்துக்கீசக் கப்பலின் தலைவர், கரை சேர்ந்தால் அம்மரத்தால் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பர். கப்பலுக்கு வேறு பாய்மரம் தேவைப்பட்டிருக்கும். முறிந்ததோ குன்றின்மேல் சிலுவையாயிற்று. புதியதே கூடாது என்பதன்று பாடம். சீர்செய்யும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டுமாயின், புதியது வாங்குவதே சிக்கனம். ஆனால் எறியுமுன், இது இன்னும் எதற்கு உதவும் என்று கேட்டறிவது நம் கடமை.

சீர்செய்யக் கொடுத்தோம், தொகையை நம் கையிலிருந்தே செலுத்தினோம். நழுவவிட்டவர் நாமல்லவா?

காமிரா திரும்பி வந்த ஞாயிறன்று, பூசைக்குப் பின் அந்தத் தாயையே முதற்படமாக எடுத்தோம். “விழுந்தாலும் கண் தெரிகிறதே, சாமி!” என்று அவர் சிரித்தார்.